இடிபடும் ஓட்டு வீடுகளும் வேகும் கான்கிரீட் வீடுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், தக்கலையைச் சுற்றியுள்ள ஊர்களில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதும் வேலையை மேற்பார்வை பார்ப்பதுமே என் தொழில். சென்ற பங்குனி, சித்திரை மாதங்களில் மட்டும் எங்கள் பகுதியில் நான்கு பழைய ஓட்டு வீடுகள் பொக்லைன் வைத்து இடிக்கப்பட்டதைப் பார்த்தேன். அவற்றில் ஒன்று, நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் கொண்ட, நூறு ஆண்டைக் கடந்த நாலுகெட்டு வீடு. அயனி மரத்திலும் பலா மரத்திலும் இழைத்த உத்தரங்களும், கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களான கழுக்கோல்களும் பழைய மரம் வாங்குபவரின் லாரியில் ஏறின. கதவுகளை எடுத்துப் போக வெளியூரிலிருந்து ஆள் வந்தது. மண்ணும் காரையும் உடைந்த ஓடும் அருகிலிருந்த குளத்தின் கரையில் கொட்டப்பட்டன. அந்த இடத்தில் எழப்போகும் புது வீட்டுக்கு வரைபடம் கேட்டு என்னிடமே வந்தார்கள். அதைப் போட உட்கார்ந்த நாளிலிருந்து என் மனத்தை அறுக்கும் சில விஷயங்களைத் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட மக்களுக்கும் அரசுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். பழைய வீட்டைப் பழுது பார்த்து வாழ முடியுமா என்று ஆராயாமல் இடிக்கக் கூடாது. இடிக்காமல் முடியாது என்றாகிவிட்டால், அந்த வீடு வெயிலையும் மழையையும் எப்படிச் சமாளித்தது என்பதையாவது புது வீட்டுக்குள் கொண்டு வர வேண்டும். இப்போது நாம் இரண்டையும் செய்வதில்லை. பழைய வீட்டின் முகத்தை மட்டும் சிமெண்டில் வார்த்து வைத்துக்கொண்டு, உள்ளே மின்விசிறியின் கீழே வெந்துகொண்டிருக்கிறோம்.

திருவட்டாறு அருகே எங்கள் தாத்தா கட்டிய வீடு இன்றும் இருக்கிறது. கருங்கல் அடித்தளம், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து எழுப்பிய தடித்த சுவர், அதன் மேல் மரத்தட்டு, தட்டுக்கு மேல் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு வெற்றிடம், அதற்கும் மேல் மங்களூர் ஓடு. சித்திரை மாதத்து நண்பகலில் அந்தத் தட்டின் மேல் ஏறி ஓட்டைத் தொட்டால் கை சுடும். ஆனால் கீழே அறையில் படுத்திருப்பவருக்கு அந்தச் சூடு தெரியாது. ஓட்டின் சூட்டைத் தாங்கிக்கொள்வது இடையில் நிற்கும் காற்று. சூடேறிய அந்தக் காற்றும் ஓடுகளின் இடுக்கு வழியாகவும், முகப்பில் மரச்சட்டத்தில் குடைந்த துளைகள் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. பொழுது சாய்ந்து அரை மணி நேரத்தில் ஓடு ஆறிவிடும். கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை இரவில்தான் கீழே இறக்கும். மாடி இல்லாத கான்கிரீட் வீட்டில் இரவு பத்து மணிக்கு நாற்காலி மேல் ஏறி நின்று உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். நம் குழந்தைகள் அந்தத் தளத்தின் கீழேதான் தூங்குகிறார்கள்.

தாத்தா வீட்டின் தாழ்வாரம் சுவரைத் தாண்டி ஏறக்குறைய நான்கு அடி வெளியே இறங்கி நிற்கும். ஆனி, ஆடி மாதச் சாரல் சுவரைத் தொடுவதில்லை. மேற்கு வெயிலும் சுவரில் விழுவதில்லை. நடுமுற்றத்தில் விழும் மழைநீர் கல் ஓவு என்னும் வடிகால் வழியாக வெளியேறித் தென்னந்தோப்புக்குப் போய், கிணற்றடியில் ஊறுகிறது. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அந்த வீட்டில் புதிதாக எதையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. முற்றத்தின் வேலை மழைநீரோடு முடிவதில்லை. உள்ளறைகளின் சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே ஏறும்போது, வெளித்திண்ணைப் பக்கத்து நிழலில் கிடந்த குளிர்ந்த காற்று சன்னல் வழியாக உள்ளே இழுபடுகிறது. நம்முடையது ஈரப்பதம் மிகுந்த சீமை. இங்கே உடம்புக்கு இதம் தருவது காற்றோட்டம். வியர்வை உலர வேண்டும். இதை அறிந்தே அந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

அதே வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் காரை உதிர்கிறது என்று குடும்பத்தார் ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்தார்கள். அவர் மூன்றடி உயரத்துக்குப் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு கொடுத்து, அதன் மேல் பளபளப்பான பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். முதல் மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் சிமெண்டுப் பூச்சுக்கு மேலே, அதுவரை ஈரமே காணாத உயரத்தில், சுவர் கொப்புளம் கொப்புளமாக ஊதியது. விரலால் சுரண்டினால் செங்கல் பொடியாகக் கையோடு வந்தது. சுவருக்குள் செருகியிருந்த உத்தரத்தின் முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பழத்துக்குள் இறங்குவது போல இரண்டு அங்குலம் இறங்கியது.

காரணம் எளியது. சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை வெயில் நாளில் காரையின் வழியாக ஆவியாக வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் உயர ஏறி, உப்பைக் கொண்டுவந்து கல்லை அரித்து, கடைசியில் மரத்தைப் பிடிக்கிறது. பழைய வீடுகள் தாங்காது என்று இடிப்பவர்கள் பலர், அந்த வீடு எதனால் கெட்டது என்று பார்ப்பதில்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் வயதால் கெட்டவை அல்ல. பின்னால் பூசிய சிமெண்டால் கெட்டவை.

அதைச் சரி செய்ய எங்களுக்கு ஏழு மாதமாயிற்று. பணத்துக்காக அலைந்ததைவிட ஆளுக்காக அலைந்ததே அதிகம். கடைசியில் பத்மநாபபுரம் அரண்மனைப் பராமரிப்பு வேலைகளில் பழகிய ஒரு கொத்தனாரும், 70 வயதைத் தாண்டிய ஓர் ஆசாரியும் கிடைத்தார்கள். கொத்தனார் சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊற வைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துப் பூசினார். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்படுத்திய எங்களிடம், 'சுண்ணாம்புக்குக் காலம் குடுக்கணும் மக்களே' என்று மட்டும் சொன்னார். ஆசாரி உத்தரத்தின் கெட்ட முனையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் அயனித் துண்டை வாய் வைத்து, ஆணி இல்லாமல் மர முளையால் இணைத்தார். உத்தரம் முழுவதையும் மாற்ற ஒரு மரம் வேண்டியிருந்திருக்கும். ஒன்றரை அடித் துண்டோடு வேலை முடிந்தது. நான்கு மழைக்காலம் கடந்துவிட்டது. சுவர் உலர்ந்தே இருக்கிறது.

ஓட்டு வீட்டில் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டு அறைகள், தலை இடிக்கும் நிலைப்படி, வீட்டை விட்டுத் தள்ளி நிற்கும் கழிப்பறை, கறையான், எலி, ஆண்டுதோறும் ஓடு பிரித்து மேயும் செலவு, அதற்கு ஆள் கிடைக்காத திண்டாட்டம் ஆகிய எல்லாம் உண்மை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கிராமத்தில் ரப்பர் மரங்கள் சாய்ந்து விழாத கூரையைத் தேட வேண்டியிருந்தது. அன்று இரவு ஓடு பறந்த வீட்டுக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அடுத்த ஆண்டே கான்கிரீட் போட முடிவெடுத்ததை நான் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாகப்பிரிவினை இருக்கிறது. மூன்று அண்ணன் தம்பிகளுக்கு ஒரு நாலுகெட்டைப் பங்கு வைக்க முடியாது, நிலத்தைப் பங்கு வைக்கலாம். எனவே வீடு போகிறது. இதற்கு வரைபடக்காரனிடம் முழு விடை கிடையாது.

ஆனால் மற்ற குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு. இருட்டுக்கு நான்கைந்து கண்ணாடி ஓடுகள் போதும். கழிப்பறையையும் சமையலறையையும் பழைய சுவர்களைத் தொடாமல் பின்பக்கம் தனிக்கட்டாகச் சேர்க்கலாம். அவ்வாறு சேர்த்த ஐந்து வீடுகளுக்கு நானே வரைபடம் போட்டிருக்கிறேன், ஐந்திலும் ஆட்கள் வசிக்கிறார்கள். மரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை அடித்தால் கறையான் அண்டுவதில்லை என்பது நம் பக்கத்துப் படகுக்காரர்களுக்கும் ஆசாரிமாருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்தி. முந்திரி ஆலைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அந்த எண்ணெய்க்குப் பஞ்சமும் இல்லை. புயலுக்கு, தாழ்வார ஓரத்து வரிசைகளையும் கூரை உச்சியின் கூம்பு வரிசையையும், ஓட்டைத் தாங்கும் மரப்பட்டியலோடு கம்பியால் கட்டி வைப்பது பெரிய காப்பு. ஓடு பறந்தால் ஓட்டை மாற்றலாம். இடிந்து விழும் நிலைக்கு வந்த கான்கிரீட்டை மாற்ற எளிய வழி இல்லை.

கான்கிரீட் போட்டவர்களும் நிம்மதியாக இருக்கிறார்களா? மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனால், மொட்டை மாடிகளின் மேல் இரும்புக் குழாய் நட்டு, வண்ணத் தகடு வேய்ந்த டிரஸ் கூரைகளை வரிசையாகக் காணலாம். வீடு கட்டி ஐந்தாறு ஆண்டுகளில் தளம் ஒழுகத் தொடங்குகிறது, மேல் அறையில் இருக்க முடியவில்லை. உடனே இன்னொரு சில லட்சத்தைக் கொட்டி, கான்கிரீட்டின் மேல் ஒரு சரிவுக் கூரை போடுகிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் கூரை சரிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதை இரண்டாம் முறை செலவழித்துக் கற்றுக்கொள்கிறோம். இதைவிடக் கவலை தருவது 'கேரளா மாடல்' என்று சொல்லிக் கேட்கிறார்களே, அந்த வீடுகள்தான். கான்கிரீட்டையே சரிவாக வார்த்து, அதன் மேல் ஓட்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிடுகிறார்கள். ஓட்டுக்குக் கீழே காற்று இல்லை, தட்டும் இல்லை. ஓட்டின் சூடு நேரே கான்கிரீட்டுக்கு இறங்குகிறது. பார்க்க அழகாயிருக்கிறது. வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு பாகை குளிர்ச்சி கிடையாது, கம்பியும் சிமெண்டும் மட்டும் கூடுதலாகப் போகின்றன.

இந்தச் சிமெண்டின் கணக்கு நம் வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. உலகம் முழுவதும் மனிதரால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு எரிபொருளால் வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளிவருவது. சிமெண்டுச் சூளைக்கு 1,450 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். சுண்ணாம்புச் சூளைக்கு 900 பாகை போதும். சுண்ணாம்பைச் சுடும்போதும் அதே வாயு வெளியேறும் என்பது உண்மையே, ஆயினும் பூசிய காரை இறுகும்போது அதில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டுதான் மீண்டும் கல்லாகிறது. கான்கிரீட்டுக்கு வேண்டிய ஜல்லியும், பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்டு மணலும் எங்கிருந்து வருகின்றன என்பது இந்த மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். நம் மலைகள் உடைபடுகின்றன. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியே இரவு பகலாகப் பாரமேற்றிய லாரிகள் ஓடுகின்றன. அதை எதிர்த்துப் பேசும் நாம், நன்றாக இருக்கும் சுவரை இடித்துவிட்டு அதே மலையின் கல்லை வீட்டுவாசலில் இறக்குவது எந்த விதத்தில் நியாயம்? நூறு ஆண்டுக்கு முன் சுட்ட செங்கல்லுக்கும் அறுத்த மரத்துக்கும் செலவழிந்த விறகும் உழைப்பும் ஏற்கெனவே செலவழிந்தவை. அந்த வீடு நிற்கும் வரை அவை பயன் தந்துகொண்டே இருக்கும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு வழிகாட்ட வெகுதொலைவு போக வேண்டாம். தக்கலையிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம் போனால் திருவனந்தபுரம். அங்கே உள்ளூர் என்ற பெயருடைய பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை 1970-களில் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்று, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களை அந்த இடத்தைச் சுற்றிய ஐந்து மைல் தூரத்துக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் சொன்னதைப் பேக்கர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைப் படுக்கை வைக்காமல் ஓரம் நிறுத்தி அடுக்குவதால் சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. ஒன்பது அங்குலச் சுவருக்கு வேண்டிய செங்கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சம், சாந்தும் குறைவு, நடுவில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடாது. பூசாமலே விட்டால் பூச்சுச் செலவும் இல்லை. தளம் வார்த்தே ஆக வேண்டும் என்றால், கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பக்கத்தில் பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து வார்க்கும் முறை இருக்கிறது. தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே நிறைந்திருக்கும் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதை வைத்துச் செய்வது அது. இடித்த வீட்டு ஓடுகளுக்கு அதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது.

இவற்றை நான் என் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. பூசாத செங்கல் சுவரைப் பார்த்தால் 'பணம் தீர்ந்து வேலை நின்றுபோன வீடு என்று ஊர் சொல்லும்' என்பார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்து வந்தவருக்கு வீடு என்பது ஊரின் முன் வைக்கும் முகம். ஆனால் இரும்புச் சட்டத்தின் மேல் பழைய ஓடு மேய்ந்து, கீழே சீலிங் ஓடு பதித்து, இரண்டுக்கும் இடையே காற்றுக்கு இடம் விட்டுச் சென்ற ஆண்டு நான் கட்டிக் கொடுத்த ஒரு வீட்டுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்கள் வந்து பார்த்துப் போகிறார்கள்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரைபடம் பொருந்தாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகள் மழையும் ஈரமும் மிகுந்தவை. இங்கே சரிவுக் கூரையும் அகன்ற தாழ்வாரமும் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கினால் மழை குறைந்து வறண்ட காற்று வீசும் பூமி. அங்கே தோவாளைப் பக்கத்துச் செங்கல்லில் தடித்த சுவரும், காற்று வரும் திசை அறிந்து வைத்த சிறு சன்னலும் பொருந்தும். நீரோடியிலிருந்து கிழக்கே உள்ள கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, துரு ஊதி, உட்கூரை பெயர்ந்து விழுகிறது. தொட்டிலுக்கு மேலே பெயர்ந்த தளத்தைக் காட்டி ஒரு மீனவத் தாய் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. கம்பி குறைந்த, ஓடும் மரமும் கொண்ட கூரையைக் கடற்கரைக்கு அரசே பரிந்துரைக்க வேண்டும்.

இங்கேதான் அரசின் பங்கு வருகிறது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்பது விதி. குடிசையில் இருந்தவருக்கு நிலையான வீடு கிடைப்பது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓலைக்கூரையின் கீழே குளிர்ச்சியாகத் தூங்கிப் பழகிய குடும்பம், தாழ்வான கான்கிரீட் தளத்தின் கீழே முதல் கோடையைக் கழித்த பிறகு வாசலில் பாய் விரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே தொகைக்குள், ஓடு இடைவைத்து வார்த்த தளத்தையோ இரட்டை ஓட்டுக் கூரையையோ தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பயனாளிக்கு வழங்கக் கூடாதா?

சன்னலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய சன்னலும் கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு இந்தக் கணக்கில் ஏறக்குறைய 17 சதுர அடி வேண்டும். இப்போது எல்லோரும் வைக்கும் நாலுக்கு நாலு ஸ்லைடிங் சன்னலின் பரப்பு 16 சதுர அடி, திறந்தால் கிடைப்பது அதில் பாதி, எட்டு. பழைய இரட்டைக் கதவுச் சன்னல் அதே அளவில் முழுவதும் திறந்துகொள்ளும். 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லது. அந்த இணையதளத்திலேயே ஒவ்வொரு வட்டாரத்தின் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற மாதிரி வரைபடங்களைச் சேர்த்து வைத்தால், வரைபடக்காரர்களாகிய நாங்களும் திருந்துவோம், மக்களும் கேட்டு வாங்குவார்கள்.

வீட்டுக்கடன் இன்னொரு தடை. பழுது பார்க்கக் கடன் கேட்டுப் போன என் உறவினரிடம், ஒரு வங்கியின் மதிப்பீட்டாளர் நிலத்துக்கு மட்டும் விலை போட்டு, நூறாண்டு வீட்டுக்கு மதிப்பு இல்லை என்று எழுதினார். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதானால் கடன் உண்டு என்றும் சொல்லப்பட்டது. அந்த வீட்டு மரத்தின் விலையையாவது அவர் விசாரித்திருக்கலாம். கூரையில் சூரியத் தகடு பொருத்த மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. வெப்பத்தை உள்ளே விடாத கூரையைப் பழுது பார்க்கவும் ஒரு சிறு மானியம் கிடைத்தால் அந்தத் தகடு ஓட்ட வேண்டிய ஏசியே தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை கைத்தொழில். திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், எங்கள் தக்கலைக்கு அருகில் நிற்கிறது. 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அதன் பராமரிப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருந்து வருகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் அது இடம் பெற்றது. அந்த அரண்மனையில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் கோடை நண்பகலில் நின்றவர்களுக்குத் தெரியும், மரமும் சுண்ணாம்பும் ஓடும் சேர்ந்து மின்சாரம் இன்றி என்ன செய்ய முடியும் என்று. அதன் பராமரிப்புக்காகப் பழகிய கைகள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. இரு மாநில அரசுகளும் சேர்ந்து, அரண்மனை வளாகத்துக்கு அருகில் சுண்ணாம்பு வேலைக்கும் மரவேலைக்கும் ஓராண்டுப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்க வேண்டும்; மாவட்டத்தின் பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு அதை உதவித்தொகையோடு கூடிய படிப்பாக்க வேண்டும்; பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் சுண்ணாம்புக் காரை வேலைக்குக் கட்டுபடியாகும் கூலி குறிக்கப்பட வேண்டும். கூலி இல்லாத தொழிலுக்கு எந்தப் பிள்ளையும் வர மாட்டான்.

எங்கள் வீட்டு உத்தரத்தைச் சரி செய்த ஆசாரிக்கு இப்போது 74 வயது. அவருடைய இரண்டு மகன்களும் வளைகுடாவில் இருக்கிறார்கள்; உளிப்பெட்டியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வரும் மாசி மாதம் தாத்தா வீட்டின் வடக்குக் கட்டின் ஓடுகளைப் பிரித்து, கழுக்கோல்களைச் சோதித்து, திரும்ப மேயவிருக்கிறோம். பத்து நாள் வேலை. கற்றுக்கொள்ள விரும்பும் கட்டடவியல் மாணவர்களும் இளம் கொத்தனார்களும் வந்தால், உடன் நின்று சொல்லித்தர அவர் சம்மதித்திருக்கிறார். வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. என் முகவரியைத் தங்கள் நாகர்கோவில் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட வரைவாளர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.